அவர்கள் வலையை உதறவில்லை

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 47. பாம்பன்காரன். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருக்கிறேன், நாலு பேர் ஆட்கள், தென்கடலில் தொழில். பத்து வருடத்துக்கு மேலாகத் தினமும் இருபது நிமிடம் தியானம் செய்கிறேன். மாதம் ஒருமுறை ராமநாதபுரம் போய் தாயுமானவர் சமாதியில் உட்கார்ந்துவிட்டு வருவேன். குடி, சீட்டு எதுவும் கிடையாது. போன ஆனி மாதம், கச்சான் காற்று தூக்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கணவாய் மீன் பாட்டோடு (பிடிபட்ட மீனோடு) திரும்பிக்கொண்டிருந்தோம். முதலில் கரை சேர்கிறவனுக்குத்தான் விலை. தூரத்தில் ஒரு வள்ளம் இன்ஜின் நின்று அலையில் ஆடிக்கொண்டிருந்தது. ஒருவர் துண்டை வீசிக் கூப்பிட்டார். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகன் அன்று கூட வந்திருந்தான். "அப்பா, கூப்பிடுறாங்க" என்றான். "வலையை உதறுறாங்கடா" என்று சொல்லிவிட்டு ஓட்டி வந்துவிட்டேன். அந்த மூன்று பேரையும் இரவு ஒன்பது மணிக்கு வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மகன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தியானத்தில் கண்ணை மூடினால் அந்தத் துண்டுதான் வருகிறது. இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. "கற்பனையை அடக்கு, மனதைக் காலியாக்கு, சுயநலம் தானாகப் போய்விடும்" என்கிறார் எனக்குத் தியானம் சொல்லிக் கொடுத்தவர். இத்தனை வருடம் செய்தும் போகவில்லையே. நான் எங்கே தவறினேன்?

பதில்:

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நின்றேன். "வலையை உதறுறாங்கடா."

சுயநலம் உள்ளவனுக்குக் கற்பனை கிடையாது, அடுத்தவன் கஷ்டத்தை நினைத்துப் பார்க்கத் தெரியாது என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அது பொருந்தவில்லை. சுக்கானைப் பிடித்தபடியே, ஒரு நொடியில், இல்லாத ஒரு வலையை அந்த மனிதரின் கையில் கொடுத்துவிட்டீர்கள். கையில் இருந்த துண்டு வலையாகிவிட்டது. கூப்பிட்டவர் வேலை பார்க்கிறவர் ஆகிவிட்டார். மகனுக்காக மட்டும் சொன்னதாக நீங்கள் நினைக்கலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டீர்கள் என்பது என் எண்ணம்.

அந்த நேரத்தில் உங்கள் மனதில் வேறு என்னவெல்லாம் ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏலம் போடுகிற இடம், தராசு, வியாபாரியின் முகம், கரைந்துகொண்டிருக்கும் ஐஸ், கட்ட வேண்டிய தவணை. இவற்றில் ஐஸைத் தவிர எதுவும் அப்போது கடலில் இல்லை. எல்லாம் மனம் வரைந்து காட்டிய படங்கள். கண்ணுக்கு எதிரே நிஜமாக இருந்தது மூன்று ஆட்கள். கரையில் இருந்ததெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, எதிரே இருந்தவர்கள் மங்கிப் போனார்கள். என்னிடம் வருகிறவர்களின் கதைகளைப் பதினெட்டு வருடமாகக் கேட்டு வருகிறேன். சுயநலம் என்று நாம் பேர் வைத்திருப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கற்பனை நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ஒரே முதலாளிக்கு மட்டும்.

ஆகவே கற்பனையை அடக்கச் சொன்னவர் மேல் மரியாதையோடு, அதை அடக்க வேண்டாம் என்று நான் சொல்கிறேன். அதை அடக்கி உட்கார்ந்தால் காலை இருபது நிமிடம் நிம்மதியாக இருக்கும். எழுந்து கடலுக்குப் போன பிறகு அது பழைய முதலாளியிடமே போய்ச் சேர்ந்துவிடும்.

ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலையை நினைத்தது குற்றம் இல்லை. நாலு ஆட்களின் பங்கு அந்தப் பாட்டில் இருக்கிறது. டீசல் கடன் யாருக்காகவும் காத்திருக்காது. தன் வீட்டு அடுப்பை நினைக்கிற மனிதனைச் சுயநலக்காரன் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் அப்பா கரைவலை இழுத்தவர். வெறும் மடியை இழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. அவசரம் உங்கள் கண்ணை மறைத்தபோது, மறைக்கிறது என்று தெரிந்தும் விட்டுவிட்டீர்கள்.

அவசரத்தைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. 1973ல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படிக்கும் மாணவர்களை ஒவ்வொருவராக அடுத்த கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருப்பார். அவரை உட்கார வைத்தது ஆய்வாளர்கள்தான். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களிலும் சிலர், முனகியவரைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அவசரத்தில் போனவர்கள் எல்லாருமே "ஆபத்தில் இருக்கிறார், இருந்தாலும் போகிறேன்" என்று முடிவெடுத்துப் போகவில்லை என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். சிலர் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவசரம் அவர்கள் பார்வையைச் சுருக்கிவிட்டது. வேறு சிலர், போய்ச் சேர்ந்தபோது பதற்றமாக இருந்தார்கள். அவர்களுக்கும் உள்ளே ஒரு துண்டு ஆடிக்கொண்டிருந்திருக்கும்.

பக்தியும் படிப்பும் இருந்தவர்களுக்கே அப்படி. உங்கள் தியானம் தோற்றுவிட்டது என்று நீங்கள் நினைப்பதை நான் ஏற்கவில்லை. அந்தத் துண்டு இரண்டு மாதமாக உங்கள் கண்ணுக்குள் வந்து நிற்கிறதே, தியானம் தன் வேலையைச் செய்கிறது. நீங்கள்தான் அதை இடைஞ்சல் என்று நினைத்து விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பாம்பன் குந்துகாலில் விவேகானந்தர் நினைவு மண்டபத்தைக் கடலில் இருந்து எத்தனை முறை பார்த்திருப்பீர்கள். 1897 ஜனவரியில் அவர் அங்கே வந்து இறங்கினார், பாஸ்கர சேதுபதி மன்னர் வரவேற்றார் என்பது நம் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் அவர் என்ன பேசினார் என்பதை அவ்வளவு பேர் சொல்வதில்லை. உண்மையான வழிபாடு எது என்பதுதான் பேச்சு. ஏழையிடமும் பலவீனனிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே சிவனை வழிபடுகிறான், சுயநலம் இல்லாமைதான் மதத்துக்குப் பரீட்சை என்றார். சுயநலக்காரன் எத்தனை கோயில் ஏறி இறங்கினாலும் எவ்வளவு பட்டை பூசினாலும் சிவனைவிட்டுத் தூரத்தில்தான் இருக்கிறான் என்றும் சொன்னார். அவ்வளவு பெரிய தீர்த்தத் தலத்தில், பிராகாரத்துக்குள்ளேயே நின்று சொன்ன பேச்சு அது. தியானத்தை விட்டுவிடுங்கள் என்று நான் இதிலிருந்து சொல்ல வரவில்லை. அதன் வாசலைக் கொஞ்சம் மாற்றி வையுங்கள் என்கிறேன்.

சரி, எப்படி?

இருபது நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் இப்போது செய்வது போலவே மூச்சைக் கவனித்துக்கொண்டு இருங்கள். மனம் அமரட்டும். அப்புறம், நேற்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான், கணக்குப் பார்க்க வேண்டாம். ஆள் ஒருவர் முன்பணம் கேட்க வாயெடுத்தபோது செல்போனை எடுத்துக் காதில் வைத்தது. மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தது தெரிந்தும் தேநீர் கேட்டது. அந்த நொடிக்குத் திரும்பிப் போய், உடம்பில் என்ன நடந்தது என்று பாருங்கள். முகத்தைத் திருப்புவதற்குச் சற்று முன்னால் உடம்பு ஒரு சேதி சொல்லும். சிலருக்குத் தாடை இறுகும். சிலருக்கு மூச்சு மேலேயே நிற்கும். உங்களுக்குச் சுக்கானைப் பிடித்த கை இறுகியிருக்கலாம். உங்கள் அடையாளம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அரை வேலை முடிந்தது. அடுத்த முறை கை இறுகும்போதே "சரி, இப்போது நான் எதையோ பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன்" என்று தெரிந்துவிடும். அகவிழிப்பு என்று பெரியவர்கள் சொல்வதை நான் இந்த அளவில்தான் புரிந்துவைத்திருக்கிறேன். இந்த அளவே ஒரு மனிதனுக்கு நிறைய.

மீதிப் பத்து நிமிடம் கற்பனைக்கு. இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். "அவர் இடத்தில் நான் இருந்தால்" என்று நினைத்துப் பார் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே பேட்சன் 1997ல் வேறு இருவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். கஷ்டத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் கதையைக் கேட்க வைத்து, சிலரிடம் "அவளுக்கு எப்படி இருக்கும்" என்று நினைக்கச் சொன்னார்கள், சிலரிடம் "அவள் நிலையில் உனக்கு எப்படி இருக்கும்" என்று நினைக்கச் சொன்னார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இரக்கம் வந்தது. ஆனால் தன்னை அங்கே வைத்துப் பார்த்தவர்களுக்கு இரக்கத்தோடு சொந்தக் கலக்கமும் சேர்ந்து வந்தது. கலக்கம் வந்த மனிதன் முதலில் தன் கலக்கத்தைத் தீர்க்கத்தான் பார்ப்பான். ஓடிவிடுவதுகூட அதற்கு ஒரு வழிதான்.

உங்கள் விஷயத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். "நான் அந்த வள்ளத்தில் இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தால் மனம் என்ன சொல்லும்? "நானாக இருந்தால் இன்ஜினைக் கழற்றிப் பார்த்திருப்பேன், நங்கூரம் போட்டிருப்பேன், சமாளித்திருப்பேன்." அதோடு கதை முடிந்துவிடும். அந்த மூன்று பேர் மறுபடியும் காணாமல் போய்விடுவார்கள், வள்ளத்தில் நீங்கள் மட்டும் இருப்பீர்கள்.

அதனால் உங்களை அங்கே ஏற்றாதீர்கள். அவர்களைப் பாருங்கள். மதியம் மூன்று மணி. தூக்குவாளியில் காலையில் கொண்டுவந்த சோறு தீர்ந்துவிட்டது. தண்ணீர் கேனைச் சாய்த்துச் சாய்த்து ஊற்ற வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது. துண்டு வீசுகிறவருக்குத் தோள்பட்டை வலிக்கிறது, கையை மாற்றுகிறார். ஒரு படகு வருகிறது. வருகிறது என்று நினைத்து இன்னும் வேகமாக வீசுகிறார். அந்தப் படகின் முனை கொஞ்சமும் திரும்பவில்லை என்று அவருக்கு எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகும் எத்தனை தடவை வீசினார்? துண்டை இறக்கிவிட்டு மற்ற இருவரிடமும் என்ன சொன்னார்?

இதற்கு மேல் உங்களால் கற்பனை செய்ய முடியாது, அண்ணே. ஏனென்றால் அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. கற்பனைக்குத் தீனி வேண்டும். தெரிந்துகொள்ளாத மனிதரைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நினைத்தாலும் கடைசியில் நம் முகம்தான் தெரியும். இதை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

கற்பனை என்றதும் சின்னப்பாலத்துப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். பாசி எடுக்கிற பெண்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்கி, கல்லில் இருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்பை விட்டுவிடுவது என்று அவர்களே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருது 2015ல் கிடைத்தது. மற்ற நாளில் பாசி அங்கேயேதான் இருக்கிறது, வீட்டில் தேவையும் இருக்கிறது. கை போகாமல் இருக்க வேண்டுமென்றால், பறிக்காமல் விட்ட அடி மறுபடி தழைக்கும் என்பதும், அதை எடுக்க இன்னொருத்தி வருவாள் என்பதும் கண்ணில் தெரிய வேண்டும். இன்னும் வளராத பாசியையும் இன்னும் வராத பெண்ணையும் பார்க்கிற பார்வை அது. அவர்கள் அதை ஆன்மிகம் என்று சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு அப்படித்தான் தெரிகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த முடிவைத் தண்ணீருக்குள் இருக்கும்போது எடுக்கவில்லை. கரையில் உட்கார்ந்து, சேர்ந்து எடுத்தார்கள்.

நீங்களும் கரையிலேயே ஒரு முடிவு எடுத்து வையுங்கள். "துண்டு தெரிந்தால் திருப்புவேன்." அவ்வளவுதான். கடலில் போய் நல்லது கெட்டது யோசிக்கலாம் என்று விட்டால் அங்கே அவசரம்தான் ஜெயிக்கும். நாலு ஆட்களையும் கூப்பிட்டு, இப்படி ஒரு நாள் வந்தால் விலை குறையும், பங்கு குறையும், சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். அன்று அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். உங்களைவிட நிம்மதியாக அவர்கள் தூங்குகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. இழுத்துக் கட்ட ஒரு நல்ல கயிறு எப்போதும் வள்ளத்தில் கிடக்கட்டும். உண்மையாகவே இழுக்க முடியாத காற்று, டீசல் போதாது என்றால்கூடப் பக்கத்தில் போய்க் குரல் கொடுத்து, தண்ணீர் கேனைக் கொடுத்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற இடம் வந்ததும் கடலோரக் காவல்படையின் 1554க்குச் சொல்லலாம். உதவி என்றால் முழுப் பாட்டையும் இழப்பதுதான் என்று மனம் பயமுறுத்தும். பல நேரம் பாதி வழியிலேயே ஒரு வழி இருக்கும்.

மாதா மாதம் தாயுமானவர் சமாதிக்குப் போகிறீர்கள். எல்லாரும் இன்புற்று இருக்க நினைப்பதைத் தவிர வேறொன்றும் அறியேன் என்று பராபரத்திடம் சொன்னவர் அவர். எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! அதில் "நினைப்பது" என்ற சொல்லில் ஒருமுறை நின்று பாருங்கள். மனதைக் காலியாக்கி வைத்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் நன்றாக இருப்பதை நினைக்கிறேன் என்கிறார். நினைக்க வேண்டும் என்றால் மனதில் ஆட்கள் வேண்டும். அடுத்த முறை போகும்போது அந்த மூன்று பேரையும் மனதில் ஏற்றிக்கொண்டு போங்கள். அவர்கள் வீடு, அன்று இரவு ஒன்பது மணி வரை வாசலில் நின்ற பெண்கள், எல்லாரையும்.

இப்போது, பிறகு வருகிறேன் என்று சொன்ன விஷயம். அந்த வள்ளக்காரரைப் போய்ப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு எந்தத் தியானமும் உங்களுக்குத் தூக்கம் தரும் என்று எனக்குத் தோன்றவில்லை. கையில் மீனோ பணமோ கொண்டு போகாதீர்கள். முதல் சந்திப்பில் அதைக் கொடுத்தால், அவர் கோபப்படுகிற உரிமையையும் சேர்த்து விலைக்கு வாங்கினது போல ஆகிவிடும். நீளமாக விளக்கம் சொல்ல வேண்டாம். "அன்னைக்கு நீங்க துண்டு வீசுனத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். தப்பு." இந்த அளவு போதும். கடன், விலை, காற்று எதையும் இதோடு சேர்க்காதீர்கள், அவராகக் கேட்டால் ஒழிய. அவர் திட்டலாம். "அது அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போகலாம். மன்னிப்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அப்படிப் போனால் அதுவும் உங்கள் நிம்மதிக்கான ஒரு வியாபாரம்தான். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள், அவர் சொல்வதை முழுசாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள். காலைப் பத்து நிமிடத்துக்கு உங்களுக்கு வேண்டிய தீனி அதுதான்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மாதம் என்பது கொஞ்சம் அதிகம். இதையெல்லாம் செய்தும் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், வாழ்ந்து என்ன என்பது போல ஏதாவது எண்ணம் தலைகாட்டினால், தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்கு எந்த நேரமும் போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால் அன்றே கூப்பிடுங்கள், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். குற்ற உணர்வு ஓர் அளவு வரைக்கும் வழிகாட்டும், அளவு மீறினால் அதுவே ஒரு நோய்.

மகன் விஷயம். அவன் பேசாமல் இருப்பது நீங்கள் உதவாமல் வந்ததற்காக மட்டும் இருக்காது. அவன் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அந்த வயதில் அது ஆழமாகக் குத்தும். அப்பாவை நம்புவதா, தன் கண்ணை நம்புவதா என்று அவன் இரண்டு மாதமாக அல்லாடிக்கொண்டிருக்கிறான். வள்ளக்காரர் வீட்டுக்கு முதல் தடவை அவனைக் கூட்டிப் போக வேண்டாம். தனியாகப் போய்விட்டு வாருங்கள். அங்கே நடந்ததையெல்லாம் அவனிடம் ஒப்பிக்கவும் வேண்டாம். சாயங்காலம் வலையைப் பிரித்துத் தைக்கும்போது அவனும் வந்து எதிரே உட்காருவான் இல்லையா, கை வேலையாக இருக்கும்போது பேசுவது இரண்டு பேருக்கும் சுலபம். அப்போது சொல்லுங்கள்: "அன்னைக்கு அவங்க வலையை உதறல. நீ சொன்னதுதான் சரி." சொல்லிவிட்டுத் தையலைத் தொடருங்கள். அவன் உடனே ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்க்காதீர்கள்.